அரிக்கமேட்டு மணியும் எகிப்தியக் கண்ணாடியும்

புதுவைக்குத் தெற்கே ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அமைந்துள்ளது அரிக்கமேடு. அம்மேட்டு மண்ணில் கடுகளவும் மிளகளவுமான கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றைச் செய்தவர் யார் என்னும் வினாவை நம் சமுதாய இளைஞர் முன் வைக்க விரும்புகிறோம்.

கண்ணாடிக் கலையில் பழம்புகழ் பெற்ற நாடு எகிப்து. கி.மு. 15ஆம் நூற்றாண்டில், மூன்றாம் துத்மோசு மன்னன் காலத்தில், அங்கே வண்ணக் கண்ணாடிக் கலங்கள் உருவாயின. ஊதிச் செய்யும் முறை அன்று இல்லை. கோலின் நுனியில் களிமண் கரு ஒன்றை அமைத்து, அதன்மேல் உருகிய கண்ணாடியைப் படியவைத்தனர். நீலப் பரப்பின்மேல் மஞ்சள், வெள்ளை இழைகளைச் சுற்றிச் சூடு ஆறுமுன் கூரிய கருவியால் மேலும் கீழும் இழுத்தனர். இழைகள் அலைபோலவும் இறகுபோலவும் வளைந்தன. கலம் குளிர்ந்தபின் உள்ளிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தனர். நறுநெய்யும் கண்மையும் வைப்பதற்குரிய இத்தகைய கலங்களுள் ஒன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன்மேல் மன்னன் பெயர் எழுதப்பட்டுள்ளது. செய்தவன் பெயர் இல்லை.

நம் அரிக்கமேட்டிலும் கண்ணாடித் தொழில் சிறந்திருந்தது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப்பின் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் இங்கே அகழாய்வு நடத்தினர். உரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் உடைசல்கள் கிடைத்தன. உள்ளூர் மணிகளோ அவற்றினும் மிகுதி. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்கி அம்மணிகளைச் செய்தனர். வீலர் இவ்வூரை உரோம வாணிகத்தோடு இணைத்தே கண்டார். அவ்வாணிகத்திற்கு முன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதைப் பிந்திய ஆய்வு புலப்படுத்தியது. வெளிநாட்டார் வந்து உண்டாக்கிய ஊரன்று இது.

இவ்வகை மணிகள் எகிப்தின் செங்கடல் துறைமுகமாகிய பெரெனிகேயிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கண்ணாடிக்குப் பேர்போன நாட்டுக்கே நம் பக்கத்து மணி சென்றிருக்கிறது! அதற்கு வடக்கேயுள்ள குசேர் துறையில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. கண்ணன், சாத்தன் என்னும் பெயர்களை அவற்றில் ஆய்வாளர் படித்துள்ளனர்.

மணி செய்தோர் இன்ன குலத்தார் என்று உரிமை கொண்டாட நாம் வரவில்லை. சான்றின்றி உரைப்பது வரலாறாகாது. ஆயினும் ஓர் உண்மை தெளிவு. உலைமுன் அமர்ந்து உழைத்தவனின் கலை வாழ்கிறது, பெயர் மறைந்தது. பானையோட்டில் பொறித்த பெயரோ ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு கடந்து நிற்கிறது. கைத்தொழிலை இழிவென ஒதுக்கிய பிற்காலச் சமுதாயம், உழைத்த நம் முன்னோர்க்கு எழுத்தையும் மறுத்தது. அம்மறுப்பை நீக்கவே நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது.

இளைஞர்காள்! புதுவை அருங்காட்சியகத்திற்குச் சென்று அரிக்கமேட்டுப் பொருள்களைக் காணுங்கள். தொழிலைப் போற்றுங்கள், எழுத்தைக் கைவிடாதீர்கள். நம் உழைப்பின் வரலாற்றை இனி நாமே நம் பெயரோடு எழுதுவோம்.