எழுத்தும் ஆணையும்: ருஷ்யப் பண்பாட்டு வரலாற்றில் மக்கள் மொழி

ருஷ்ய இலக்கியம் தமிழ் வாசகர்களுக்குப் புதியதன்று. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட மொழிபெயர்ப்புகள் ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றோரின் உழைப்பால் மிகக் குறைந்த விலையில் சிற்றூர்கள் வரை வந்து சேர்ந்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றுபோயிற்று. அவ்வாறு வந்த பழைய இலக்கியம் பெரும்பாலும் புஷ்கினில் தொடங்கும். அதனால் ருஷ்ய இலக்கியம் 19ஆம் நூற்றாண்டில் திடீரென முளைத்தது என்றொரு எண்ணம் இங்கே படிந்துவிட்டது. அதற்கு முன் எண்ணூறு ஆண்டுக் கால எழுத்து வாழ்வு அந்த மண்ணில் இருந்தது. அந்நெடுங்காலம் முழுவதும் தீராத வழக்கு ஒன்றுண்டு. எழுதும் மொழி யாருக்கு உரியது? திருச்சபைக்கா, அரியணைக்கா, அன்றாடம் பேசும் மக்களுக்கா?

எழுத்து அங்கே வெளியிலிருந்து வந்தது. பைசாந்தியப் பேரரசின் தெசலோனிக்கா நகரத்துச் சகோதரர்களான சிரிலும் மெத்தோடியசும் 863ஆம் ஆண்டளவில் மொராவிய நாட்டு ஸ்லாவிய மக்களுக்காக ஓர் எழுத்து முறையை அமைத்து, மறைநூல்களை அம்மக்களின் மொழியில் பெயர்த்தனர். இன்று சிரில்லிய எழுத்து எனப்படுவது அதற்குச் சில பத்தாண்டுகளுக்குப் பின் பல்கேரியாவில் உருவானது. 988இல் கீவ் நகரத்து அரசன் விளாதிமிர் கிறித்தவம் தழுவியபோது இவ்வெழுத்தும் பழைய திருச்சபை ஸ்லாவிய மொழியும் ருஸ் நாட்டில் வேரூன்றின. மேற்கு ஐரோப்பாவில் வழிபாடு இலத்தீனில் நடந்தது; உழவனுக்கு அது விளங்கவில்லை. ருஸ் நாட்டு உழவனுக்கோ தேவாலய மொழி பாதி விளங்கியது. இந்தப் பாதி விளக்கமே பெரும் பேறாகவும் பெருந்தடையாகவும் அமைந்தது. முற்றிலும் அயலான மொழி என்றால் தன்மொழியில் எழுதவேண்டும் என்ற தவிப்பு விரைவில் பிறந்திருக்கும். தன்மொழிபோலவே ஒலிக்கும் உயர்மொழி ஒன்று மேலே அமர்ந்திருந்தமையால், பேச்சுமொழி ஏட்டில் ஏற நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. இந்தக் கீவ் மரபு ருஷ்யர், உக்ரைனியர், பெலாரூஸியர் ஆகிய மூவருக்கும் பொதுவான முதுசொம் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நலம். பின்னர் வரும் சிக்கல்களின் வேர் அங்கேதான் உள்ளது.

பேச்சுமொழி முற்றிலும் ஏடேறாமல் இருந்ததா? 1951ஆம் ஆண்டு ஜூலை 26 வரை அறிஞர் பலர் அவ்வாறே கருதினர். அன்று நோவ்கொரோத் நகர அகழாய்வில் சுருண்டு கிடந்த பிர்ச் மரப்பட்டைத் துண்டொன்று சேற்றிலிருந்து வெளிவந்தது. அதில் எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. இன்றுவரை அந்நகரில் மட்டும் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட பட்டைகள் கிடைத்துள்ளன. மையின்றி, எலும்பாலும் உலோகத்தாலும் ஆன எழுத்தாணியால் கீறப்பட்டவை அவை. பனையோலை கண்ட தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரம் நிறைந்த சேறு காற்றை உள்ளே விடாததால் 11ஆம் நூற்றாண்டுப் பட்டைகூட மட்காமல் கிடந்தது.

அவற்றில் அரசர் புகழ் அருகியே காணப்படுகிறது. கடன் கணக்கும் சந்தைச் சரக்கும் வீட்டுச் சச்சரவும் நிரம்பியுள்ளன. மிகீத்தா என்பவன் உலியானித்சா என்பவளிடம் தன்னை மணந்துகொள்ளுமாறு நேராகக் கேட்டு எழுதியிருக்கிறான். 1993இல் கிடைத்த, 11ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பட்டையொன்றில் ஒரு பெண், தன்னிடம் வராமற்போனவனிடம் தன்மீது என்ன குறை கண்டான் என்று வினவுகிறாள். அந்தப் பட்டை கிழித்து வீசப்பட்ட நிலையில் கிடைத்தது. பெற்றவன் கிழித்தானோ, எழுதியவளே கிழித்தாளோ? 13ஆம் நூற்றாண்டின் நடுவில் வாழ்ந்த ஓன்ஃபிம் என்ற சிறுவன் நெடுங்கணக்கு எழுதிப் பழகும்போது சலிப்புற்று, பட்டையின் மீதியிடத்தில் குதிரை மீதிருந்து பகைவனை ஈட்டியால் குத்தும் வீரனாகத் தன்னையே வரைந்து பெயரும் எழுதிவைத்தான். எந்த நாளேட்டுக் குறிப்பும் தராத உயிர்ப்பு இந்தப் பட்டைகளில் உண்டு. பெண்களும் கைவினைஞர்களும் எழுத்தறிந்திருந்த நகரம் அது. ‘வேச்சே’ என்னும் நகர அவை மணியோசை கேட்டுக் கூடிய இடம்.

மங்கோலியர் 1237 முதல் 1240 வரை ருஸ் நாட்டை அழித்தபோது நோவ்கொரோத் தப்பியது. மாஸ்கோவிடமிருந்து தப்பவில்லை. 1478இல் மூன்றாம் இவான் அந்நகரைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டு, அவையின் மணியை இறக்கி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனான். மாஸ்கோவின் எழுச்சி பண்பாட்டுக்கு வறட்சியை மட்டுமே தந்தது என்று சொல்வது நேர்மையாகாது. ஆந்திரேய் ருப்லியோவ் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த திருத்திரித்துவ ஓவியத்தில் மூன்று தேவதூதர்கள் ஒரு கிண்ணத்தைச் சூழ்ந்து அமர்ந்திருக்கும் அமைதி, அந்தக் காலத்து ஏடுகள் எவற்றிலும் இல்லாத ஒரு கவிதை. ஆயினும் சொல்லைப் பொறுத்தவரை மாஸ்கோவின் கை இறுக்கமான கை. 1564இல் இவான் ஃபியோதரோவ் மாஸ்கோவில் நாள் குறிக்கப்பெற்ற முதல் நூலை அச்சிட்டார். ஓரிரு ஆண்டுகளிலேயே நகரைவிட்டு வெளியேற நேர்ந்து, லிவீவ் நகரில் 1574இல் அரிச்சுவடி நூலையும், ஓஸ்த்ரோக் நகரில் 1581இல் முழு விவிலியத்தையும் அச்சிட்டார். இவ்விரு நகரங்களும் இன்றைய உக்ரைனில் உள்ளவை. 1648இல் மன்னர் அலெக்ஸேய், ஊர் ஊராகச் சென்று பாடியும் ஆடியும் பிழைத்த ‘ஸ்கொமரோஹி’ என்னும் கூத்தர்களைத் தடைசெய்து, அவர்களின் இசைக்கருவிகளை உடைத்து எரிக்க ஆணையிட்டார்.

இந்தப் பின்னணியில்தான் அவ்வாக்கும் என்ற பாதிரியார் வருகிறார். திருச்சபைத் தலைவர் நிக்கோன் 1653 முதல் வழிபாட்டு நூல்களைக் கிரேக்க முறைக்கு ஏற்பத் திருத்தினார். சிலுவைக் குறியை இரண்டு விரலால் இடுவதா மூன்று விரலால் இடுவதா, இயேசுவின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுவதா என்பவை பூசல்களாயின. அயலாருக்கு இவை அற்பமாகத் தோன்றலாம். தந்தையும் பாட்டனும் சொல்லி இறந்த சொல் ஒரே ஆணையால் பிழையாகிவிடுவதை ஏற்க இயலாதவர்களுக்கு அது உயிர்ச்சிக்கல். ‘பழைய நம்பிக்கையர்’ என்று பெயர்பெற்ற அவர்களின் தலைமகன் அவ்வாக்கும். 1667இல் வடதுருவப் பகுதியிலுள்ள புஸ்தோசெர்ஸ்க் கோட்டைக்கு நாடுகடத்தப்பட்டு, மண்குழிச் சிறையில் இருந்தபடியே அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். திருச்சபையின் பகட்டு மொழியை ஒதுக்கி, தாய்மொழியான எளிய ருஷ்ய மொழியிலேயே எழுதுவதாக வெளிப்படையாக அறிவித்தார். வசையும் அழுகையும் நகையும் கலந்த தெருப்பேச்சு முதன்முறையாகப் பெரும் உரைநடையாயிற்று. முரண் யாதெனில், பழைமையை ஓர் எழுத்தும் மாற்றலாகாது என்று போராடியவரே மொழியில் புதுமை செய்தார். 1682இல் அவரையும் தோழர் மூவரையும் மரக்கூட்டில் வைத்து எரித்தனர். அவருடைய நூல் கையெழுத்துப் படிகளாக மறைவில் உலவி, 1861இல்தான் அச்சேறியது.

மகா பீட்டரின் காலத்தில் அரியணை திருச்சபையிடமிருந்து எழுத்தைக் கைப்பற்றியது. 1703இல் பீட்டர்ஸ்பர்க் நகரம் எழுந்தது. அதே ஆண்டில் முதல் அச்சுச் செய்தித்தாளும் வெளிவந்தது. 1708இல் உலகியல் நூல்களுக்கெனப் புதிய எளிய எழுத்துரு நடைமுறைக்கு வந்தது. வேண்டாத எழுத்து வடிவங்களைப் பேரரசரே தம் கையால் அடித்து நீக்கிய தாள் இன்றும் உள்ளது. உயர்குடியினர் தாடி மழித்து, மேலை உடை உடுத்தி, சில தலைமுறைகளில் பிரெஞ்சு பேசத் தொடங்கினர். பிளவு ஆழமாயிற்று. முன்னர் தேவாலய மொழியாவது உழவனுக்குப் பாதி விளங்கியது. இப்போது தன் நிலக்கிழாரின் பேச்சே அவனுக்கு விளங்கவில்லை.

கவிஞர்கள் கருதிப் பார்க்கத்தக்க மாற்றம் ஒன்று இக்காலத்தில் யாப்பில் நிகழ்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் போலந்து வழியாகவும் கீவ் வழியாகவும் வந்த செய்யுள் முறை அடிதோறும் அசைகளை எண்ணுவது. போலந்து மொழியில் சொல்லின் ஈற்றயலசையில் அழுத்தம் நிலையாக விழும்; அங்கே எண்ணிக்கை ஒன்றே ஓசைக்குப் போதுமானது. ருஷ்ய மொழியிலோ அழுத்தம் சொல்லுக்குச் சொல் இடம்மாறும். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஓசை நொண்டியது. இதை 1735இல் திரெதியாகோவ்ஸ்கி உணர்ந்தார். 1739இல் லமனோசவ் செம்மைப்படுத்தினார். அழுத்தமுள்ள அசையும் அழுத்தமற்ற அசையும் மாறிமாறி வரும் சீர்களே ருஷ்ய மொழிக்கு இயல்பு என்று அவர் ஜெர்மனியில் மாணவராக இருந்தபோது எழுதியனுப்பினார். மக்களின் வாயில் புரளும் ஓசையே யாப்பின் அடிப்படை என்ற இந்த முடிவு, பிற்காலக் கவிதை அனைத்துக்கும் தளமாயிற்று. லமனோசவ் வடகடலோர மீனவர் மகன். 1730ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மீன்வண்டிகளோடு மாஸ்கோ சென்று கல்வி தேடியவர். அவர் கற்ற இலக்கண நூல் ஸ்மோத்ரித்ஸ்கி 1619இல் வெளியிட்டது; அதுவும் மாஸ்கோவுக்கு மேற்கே இருந்த நிலங்களின் கொடையே.

இரண்டாம் காத்தரீன் 1783இல் தனியார் அச்சகங்களுக்கு இசைவளித்தார். அந்த இசைவை ரதீஷ்செவ் பயன்படுத்தினார். பண்ணையடிமைகளின் துயரைக் கூறும் பயண நூலைத் தம் வீட்டு அச்சகத்தில் 1790இல் அச்சிட்டார். மரண தண்டனை விதிக்கப்பெற்று, பின் அது சைபீரிய நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1796இல் தனியார் அச்சகங்கள் மூடப்பட்டன.

புஷ்கினைப் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டுள்ளது. இங்கே இரண்டொரு செய்திகள் போதும். பிரெஞ்சில் வளர்ந்த இந்த உயர்குடி இளைஞர், 1824 முதல் 1826 வரை மிஹாய்லவ்ஸ்கயே கிராமத்தில் காவலில் வைக்கப்பட்டபோது, பண்ணையடிமையாகப் பிறந்த செவிலித்தாய் அரீனா ரதியோனவ்னா சொன்ன கதைகளைக் குறித்துவைத்தார். தண்டனை அவரை மக்கள் மொழியின் அருகே கொண்டுசென்றது. அவருடைய ‘எவ்கேனி அனேகின்’ காவியத்தின் நாயகி தாய்மொழியில் எழுதத் தடுமாறுபவள். தன் காதற்கடிதத்தைப் பிரெஞ்சில்தான் எழுதுகிறாள். கவிஞர் அதை ருஷ்ய மொழியில் தருகிறார். ஒரு மொழியின் நிலைமாற்றத்தை இதனினும் நுட்பமாகக் காட்ட இயலாது. 1825 டிசம்பர் எழுச்சி ஒடுக்கப்பட்டு, கவிஞர் ரிலேயெவ் உள்ளிட்ட ஐவர் 1826இல் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டே பேரரசர் முதலாம் நிக்கலாய் புஷ்கினை அழைத்து, இனித் தாமே அவருக்குத் தணிக்கையாளர் என்றார். 1837இல் துப்பாக்கிப் போரில் புண்பட்டுக் கவிஞர் கிடந்தபோது அருகிலிருந்தவர்களில் ஒருவர் மருத்துவரும் எழுத்தாளருமான விளாதிமிர் தால். பேச்சு வழக்குகளைப் பல்லாண்டு தொகுத்து, ஏறத்தாழ இரண்டு இலட்சம் சொற்களைக் கொண்ட பேரகராதியை 1863 முதல் 1866 வரை நான்கு தொகுதிகளாக நிறைவுசெய்தவர் அவரே. உழவனின் சொல் அகராதியில் ஏறி அமர்ந்தது. வழக்கு மக்கள் பக்கம் தீர்ந்ததுபோல் தோன்றியது.

ஆனால் அதே 1863இல் உள்துறை அமைச்சர் வலூயெவ், உக்ரைனிய மொழியில் சமய நூல்களும் கல்வி நூல்களும் அச்சிடப்படுவதை நிறுத்தச் சுற்றறிக்கை அனுப்பினார். அப்படியொரு தனிமொழியே இல்லை என்ற கருத்தை அது துணைக்கழைத்தது. ருஷ்யப் பேரிலக்கியத்தைப் போற்றுவோர் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. புரட்டாமல் அந்த இலக்கியத்தின் காலத்தை அறிய முடியாது. உக்ரைனியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்தவர். பிரியூலவ் வரைந்த கவிஞர் ஷுகோவ்ஸ்கியின் உருவப்படத்தைக் குலுக்கலில் விற்றுக் கிடைத்த 2500 ரூபிளால் 1838இல் விடுதலை பெற்றவர். அவரை மீட்டவர்கள் பீட்டர்ஸ்பர்க்கின் கலைஞர்களே என்பதையும் மறக்கலாகாது. சிரில், மெத்தோடியஸ் பெயரால் கீவில் இயங்கிய சங்கத்தோடு தொடர்புபடுத்தப்பட்டு அவர் 1847இல் கைதானார். எழுத்தைத் தந்த இருவரின் பெயர் அது. அவருக்குக் கிடைத்த தண்டனையோ எழுதாதிருத்தல். தொலைதூரக் காவற்படையில் சிப்பாயாக அனுப்பும் ஆணையில், எழுதவும் வரையவும் தடை என்று நிக்கலாய் தம் கைப்பட எழுதிச் சேர்த்தார். ஷெவ்சென்கோ உள்ளங்கையளவு குறிப்பேடுகளைத் தைத்து, காலணியின் கழுத்துக்குள் மறைத்து, கவிதை எழுதினார். பத்தாண்டுகளுக்குப் பின்னரே மீண்டார்.

1861இல் பண்ணையடிமைகளை விடுவித்த இரண்டாம் அலெக்சாந்தரே, 1876இல் ஜெர்மனியின் எம்ஸ் நீராடற்பதியில் தங்கியிருந்தபோது தடையைக் கடுமையாக்கும் ஆணையில் கையொப்பமிட்டார். உக்ரைனிய மொழிபெயர்ப்புகளும் நாடகங்களும் வெளிநாட்டிலிருந்து வரும் நூல்களும் தடைக்குள்ளாயின. பழைய ஆவணங்களுக்கும் கதை கவிதைகளுக்கும் மட்டும், தணிக்கையோடும் ருஷ்ய எழுத்துக்கூட்டலோடும், வழி விடப்பட்டது. லித்துவேனியருக்கோ இலத்தீன் எழுத்தில் அச்சிடுவதே 1865 முதல் மறுக்கப்பட்டது. சிரில்லிய எழுத்து அவர்கள்மீது சுமத்தப்பட்டது. கிழக்குப் பிரஷ்யாவில் அச்சிட்ட வழிபாட்டு நூல்களையும் அரிச்சுவடிகளையும் எளிய உழவர்கள் மூட்டைகளில் சுமந்து இரவில் எல்லை கடந்தனர். ‘நூல் சுமப்போர்’ என்றே அவர்களுக்குப் பெயர். அந்தத் தடை 1904இல் நீங்கியது.

1905இல் உக்ரைனிய அச்சுத் தடை குறித்து அரசு கருத்துக் கேட்டபோது, பீட்டர் நிறுவிய அதே அறிவியல் கழகத்தின் குழு, அது தனிமொழியே என்றும் தடை நீங்கவேண்டும் என்றும் அறிக்கை தந்தது. குழுவில் இடம்பெற்ற ஷாஹ்மதவ், கீவின் பழைய நாளேடுகள் எவ்வாறு படிப்படியாக உருவாயின என்பதை வரி வரியாக ஆராய்ந்தவர். தடை தளர்ந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1914இல், ஷெவ்சென்கோவின் நூற்றாண்டு விழாவைக் கொண்டாட அரசு தடைவிதித்தது. கீவ் நகரில் மாணவர்கள் தெருவில் இறங்கினர். அவர்களைக் கலைக்கக் குதிரைப்படை வந்தது.