குறுஞ்செய்தி வரவில்லையா? எங்கே தடைபடுகிறது, என்ன செய்ய வேண்டும்: முழு விவரம்

மும்பை: வங்கிப் பணப் பரிமாற்றம், ஆதார் சரிபார்ப்பு, சமையல் எரிவாயு உருளை விநியோகம் எனப் பல அன்றாடச் சேவைகள் கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணை நம்பியே நடைபெறுகின்றன. 2025 ஜூலை 15 முதல் இணையவழி தட்கல் ரயில் முன்பதிவுக்கும் ஆதாரில் பதிவான எண்ணுக்கு வரும் ஓடிபி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வசிக்கும் தமிழர்கள் தாதர் - திருநெல்வேலி விரைவு ரயிலில் அவசரமாக ஊர் செல்ல வேண்டுமெனில், அந்த ஓடிபி உரிய நேரத்தில் வந்தாக வேண்டும். குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் பிற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தட்கல் முன்பதிவு தொடங்கும். சில நிமிடத் தாமதம்கூடப் பயணச்சீட்டு கைநழுவிப் போகக் காரணமாகலாம்.

குறுஞ்செய்தி வராதபோது பலரும் முதலில் கைபேசியையே சந்தேகிக்கின்றனர். ஆனால் அனுப்பும் நிறுவனம், தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சரிபார்ப்பு, நெட்வொர்க், சிம் கார்டு, கைபேசி ஆகியவற்றில் எந்த இடத்திலும் அது தடைபடலாம். தடைபட்ட இடத்தைக் கண்டறிந்தால்தான் தீர்வு கிடைக்கும்.

செய்தி வந்து சேரும் வழி

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று பிரிட்டனில் வோடஃபோன் நெட்வொர்க்கில் அனுப்பப்பட்டது. அதன் அடிப்படை முறை இன்றும் மாறவில்லை. அனுப்பப்படும் செய்தி நேராகப் பெறுநரின் கைபேசிக்குச் செல்வதில்லை. முதலில் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்தைச் சென்றடைகிறது. பெறுநரின் கைபேசி அணைக்கப்பட்டிருந்தாலோ சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தாலோ, மையம் அதைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் அனுப்ப முயலும். குறிப்பிட்ட காலக்கெடு முடிந்தால் செய்தி நீக்கப்படும். ஓடிபி எண்கள் சில நிமிடங்களே செல்லும் என்பதால், தாமதமாக வந்தாலும் அவற்றால் பயனில்லை.

எந்தச் செய்தி வரவில்லை?

வராத செய்தி எத்தகையது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். உறவினர் அல்லது நண்பர் ஒருவரை, இயன்றால் வேறு நிறுவனத்தின் சிம் கார்டிலிருந்து, ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லிப் பார்ப்பது எளிய சோதனை.

* ஒரே ஒரு வங்கி அல்லது நிறுவனத்தின் செய்தி மட்டும் வரவில்லை எனில், கோளாறு பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் பக்கம் இருக்கும்; அல்லது அங்கு பழைய கைபேசி எண் பதிவாகியிருக்கும்.
* தனிநபர் செய்திகள் வந்து, நிறுவனச் செய்திகள் மட்டும் வரவில்லை எனில், அவை கைபேசியின் ‘ஸ்பேம்’ பகுதிக்குள் சென்றிருக்கலாம்.
* அழைப்புகள் வந்து, எந்தக் குறுஞ்செய்தியும் வரவில்லை எனில், சிம் கார்டு அண்மையில் மாற்றப்பட்டதா, கைபேசியில் சேமிப்பிடம் நிறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.
* அழைப்பும் இல்லை, குறுஞ்செய்தியும் இல்லை எனில், நெட்வொர்க் கோளாறு, ரீசார்ஜ் காலாவதி, சிம் மோசடி ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம்.

கைபேசியில் சரிபார்க்க வேண்டியவை

முதலில் ‘ஃப்ளைட் மோடை’ இயக்கி, சில விநாடிகளுக்குப் பின் அணைக்க வேண்டும். கைபேசி நெட்வொர்க்குடன் புதிதாக இணையும்போது, மையத்தில் காத்திருக்கும் செய்திகள் வந்து சேர வாய்ப்புண்டு. இதில் பயனில்லை எனில் கைபேசியை அணைத்து இயக்கலாம். அடுத்து, ‘ஸ்பேம்’ பகுதி, தடை செய்யப்பட்ட எண்களின் பட்டியல், மீதமுள்ள சேமிப்பிடம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட குறுஞ்செய்திச் செயலிகள் இருந்தால், இயல்புநிலைச் செயலியாகத் தேர்வு செய்யப்பட்டுள்ளது எது என்பதையும் அமைப்புகளில் காணலாம். சிம் கார்டை வேறொரு கைபேசியில் பொருத்திப் பார்ப்பது, குறை சிம்மிலா கைபேசியிலா என்பதைத் தெளிவாக்கும்.

தகரச் சுவர்களும் நெருக்கமான கட்டடங்களும் கைபேசி சிக்னலை வலுவிழக்கச் செய்யும். தாராவியின் குறுகிய சந்துகளில் தரைத்தளப் பட்டறைகளில் வேலை செய்வோர், ஓடிபி கோரும் முன் வெளியே அல்லது மாடிக்கு வந்து முயல்வது நல்லது.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டு கைபேசிக்கு மாறியவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மற்ற ஐபோன் பயனர்கள் அனுப்பும் செய்திகள், ‘ஐமெசேஜ்’ சேவை வழியாகப் பழைய கணக்குக்கே சென்றுகொண்டிருக்கலாம். சிம் கார்டை எடுக்கும் முன் பழைய ஐபோனில் அச்சேவையை அணைக்க வேண்டும். அந்தக் கைபேசி கையில் இல்லை எனில், ஆப்பிள் நிறுவனத்தின் இணையதளத்தில் எண்ணின் பதிவை நீக்கிக்கொள்ளலாம்.

ஊர் எண்ணை வைத்திருப்போர் கவனத்துக்கு

மும்பையில் வசித்தாலும், ஊரில் தொடங்கிய வங்கிக் கணக்குக்காகத் தமிழ்நாட்டு எண்ணை இரண்டாவது சிம்மாக வைத்திருப்போர் உண்டு. முன்கட்டணத் திட்டம் முடிந்து சில நாள்கள் ரீசார்ஜ் செய்யாவிட்டால், உள்வரும் குறுஞ்செய்திகளும் நிறுத்தப்படலாம். தொடர்ந்து 90 நாள்கள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்க்கும் குறைவான இருப்பு இருந்தால் இணைப்பையே துண்டிக்க விதிகள் இடமளிக்கின்றன. துண்டிக்கப்பட்ட எண், மேலும் 90 நாள்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். வங்கியில் எண்ணை மாற்றாமல் விட்டால், ஓடிபி முன்பின் அறியாத ஒருவரின் கைக்குச் சென்றுவிடும்.

புதிய சிம்: 24 மணி நேரத் தடை

தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் பெற்றாலோ, பழைய சிம்மைப் புதியதாக மாற்றினாலோ முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படும். மோசடியைத் தடுக்க மத்திய தொலைத்தொடர்புத் துறை விதித்துள்ள ஏற்பாடு இது, பழுதன்று. எனவே பெரிய தொகை அனுப்பவோ தட்கல் முன்பதிவு செய்யவோ வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் சிம் கார்டை மாற்றுவதைத் தவிர்க்கலாம். மேலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, மாற்று சிம் பெற்ற 7 நாள்களுக்கு அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது.

நிறுவனத்தின் பக்கம் கோளாறு: 2021 தந்த பாடம்

வணிகக் குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள், அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசக வடிவத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் வகுத்த விதி. அனுப்பப்படும் ஒவ்வொரு செய்தியும் பதிவான வடிவத்துடன் ஒப்பிடப்படும், பொருந்தாதவை நிராகரிக்கப்படும். இந்த ஒப்பீடு 2021 மார்ச் 8 அன்று முழுவீச்சில் தொடங்கியபோது, பல நிறுவனங்கள் தங்கள் வாசகங்களைப் பதிவு செய்திருக்கவில்லை. நாடு முழுவதும் வங்கி ஓடிபி உள்ளிட்ட செய்திகள் வந்து சேரவில்லை. கரோனா தடுப்பூசிக்கான கோவின் பதிவும் பாதிக்கப்பட்டது. மறுநாளே டிராய் அந்த நடைமுறையை 7 நாள்களுக்கு நிறுத்தி வைத்தது.

பின்னர் விதிகள் மேலும் இறுகின. பதிவு செய்யப்படாத இணைய முகவரி கொண்ட செய்திகள் 2024 அக்டோபர் 1 முதல் தடுக்கப்படுகின்றன. செய்தி எந்தெந்த இடைநிலை நிறுவனங்கள் வழியாக வந்தது என்பது பதிவாகாத செய்திகளும் 2024 டிசம்பர் 11 முதல் நிராகரிக்கப்படுகின்றன. இவ்வகையில் தடுக்கப்பட்ட செய்தியைக் கைபேசியை எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் பெற முடியாது. வங்கி அல்லது சேவை நிறுவனத்தையே அணுக வேண்டும்.

‘டிஎன்டி’ எனப்படும் விளம்பரத் தடையைப் பதிவு செய்திருப்பதால் ஓடிபி வருவதில்லை என்ற கருத்து பரவலாக உள்ளது. 1909 என்ற எண்ணில் பதிவு செய்யப்படும் அத்தடை விளம்பரச் செய்திகளுக்கே பொருந்தும். வங்கிப் பரிவர்த்தனைச் செய்திகளைத் தடுக்காது.

தமிழில் அனுப்பினால்

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். யூனிகோடு தமிழில் 70 குறியீடுகளே அடங்கும். உயிர்மெய் எழுத்தின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். ‘மாட்டுங்கா’ என்பது தமிழில் 5 எழுத்துகள். குறுஞ்செய்தியில் 10 குறியீடுகள். நீண்ட தமிழ்ச் செய்தி, பகுதிக்கு 67 குறியீடுகளாகப் பிரிந்து பயணித்துப் பெறுநரின் கைபேசியில் ஒன்றிணைகிறது. ஒரு பகுதி தாமதமானாலும் செய்தி முழுமையடையாது. அவசரத் தகவலைச் சுருக்கமாக எழுதுவது பாதுகாப்பானது.

சிக்னலும் போனால் எச்சரிக்கை

அருகில் உள்ளோரின் கைபேசிகள் இயல்பாக இயங்கும்போது ஒருவரின் கைபேசியில் மட்டும் சிக்னல் திடீரென மறைந்தால், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரது பெயரில் வேறு யாரேனும் மாற்று சிம் பெற்றிருக்கலாம். 2018 டிசம்பர் இறுதியில், தாராவியை ஒட்டிய மாஹிம் பகுதியைச் சேர்ந்த வணிகர் ஒருவர் இவ்வாறு ஒரே இரவில் 1.86 கோடி ரூபாயை இழந்தார். இரவில் அவரது கைபேசிக்குப் பல தவறிய அழைப்புகள் வந்திருந்தன. அதன்பின் சிம் செயலிழந்திருந்தது. 24 மணி நேரத் தடை இத்தகைய மோசடிகளின் பின்னணியில்தான் கடுமையாக்கப்பட்டது.

இந்நிலையில், வேறொரு கைபேசியிலிருந்து முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். அடுத்து தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்து, மாற்று சிம் வழங்கப்பட்டுள்ளதா எனக் கேட்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் அளிக்க வேண்டும். வங்கி மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாத மோசடிகளில், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட விதி. தமது பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அறியலாம்.

புகார் அளிப்பது எப்படி?

நெட்வொர்க் அல்லது சிம் தொடர்பான குறைகளுக்கு, அந்தந்த நிறுவனத்தின் 198 என்ற கட்டணமில்லா எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீர்வு திருப்தி அளிக்காவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாள்களுக்குள் முறையிடலாம். அவர் 39 நாள்களுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.

புகார் அளிக்கும்போது, செய்தி வராத நாள், நேரம், அனுப்ப வேண்டிய நிறுவனத்தின் பெயர், அதே நேரத்தில் அழைப்புகள் வந்தனவா என்ற விவரம் ஆகியவற்றைத் தெரிவித்தால், செய்தி எந்த இடத்தில் நின்றது என்பதை விரைவில் கண்டறிய முடியும். காத்திருக்கும் ஓடிபியைத் தாமே பெற்றுத் தருவதாகக் கூறி அழைக்கும் எவரிடமும் வங்கி விவரங்களையோ ஓடிபி எண்ணையோ தெரிவிக்கக் கூடாது.