எல்லோரும் ஒன்றாகவா, ஒருவர் பின் ஒருவராகவா? - டிரையத்லான் நீச்சல் தொடங்கும் கதை

ஆடித்தபசு அன்று சங்கரன்கோவில் ரத வீதியில் கூட்டத்துக்குள் மாட்டியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். நாம் நடக்காவிட்டாலும் பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிற தள்ளலே நம்மைக் கொண்டுபோய்விடும். இதே நெரிசலைத் தண்ணீருக்குள் கற்பனை செய்து பாருங்கள். ஊன்றுவதற்குத் தரை கிடையாது. முன்னால் நீந்துபவரின் குதிகால் முகத்தில் இடிக்கும். பக்கத்தில் இருப்பவரின் முழங்கை மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிடும். மூச்சு வாங்கத் தலையைத் தூக்கினால் வாய்க்குள் உப்புத் தண்ணீர்!

நெடுந்தூர டிரையத்லான் போட்டிகள் பல ஆண்டுகளாக இப்படித்தான் தொடங்கின. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம் என்று ஒரே நாளில் முடிக்க வேண்டிய போட்டி இது. பெரும்பாலான இடங்களில் இதற்கு 17 மணி நேரம் கெடு. அவ்வளவு நீண்ட நாளில் முதல் சில நிமிடங்களை எப்படித் தொடங்குவது என்பதுதான் பெரிய சர்ச்சையாக இருந்துவந்திருக்கிறது.

15 பேரோடு தொடங்கிய போட்டி

நவீன டிரையத்லான் 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில் பிறந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1978 பிப்ரவரி 18 அன்று, ஹவாயின் ஓஹு தீவில் முதல் அயர்ன்மேன் போட்டி நடந்தது. கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் நடத்திய அந்தப் போட்டியில் கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். வென்றவர் கார்டன் ஹாலர். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி.

பதினைந்து பேர் ஒன்றாகக் கடலில் இறங்கினால் யாரும் யாரையும் இடிக்கப் போவதில்லை. அப்போது தொடக்க முறை ஒரு பிரச்னையாகவே தெரியவில்லை. 1981-ல் போட்டி ஹவாயின் பெரிய தீவில் உள்ள கோனாவுக்கு இடம் மாறியது. 1982-ல் ஜூலி மாஸ் என்ற மாணவி எல்லைக் கோட்டுக்குத் தவழ்ந்து வந்த காட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, கூட்டம் பெருகியது. பின்னாளில் ஏறத்தாழ 2,000 பேர் பீரங்கிச் சத்தத்துக்கு ஒரே நேரத்தில் கடலைக் கிழித்துக்கொண்டு கிளம்பும் காட்சிதான் இந்த விளையாட்டின் அடையாளமாகவே ஆனது. மேலிருந்து எடுத்த படத்தில் தண்ணீர் கொதிப்பது போல இருக்கும்!

வேறு வழிகள்

எல்லா ஊரிலும் கோனா போல விரிந்த கடல் இல்லை. ஜெர்மனியின் ரோத் போட்டியில் நீச்சல் ஒரு கால்வாயில் நடக்கிறது. அங்கே குழுக் குழுவாக, இடைவெளி விட்டுத்தான் அனுப்புகிறார்கள். அமெரிக்காவின் லூயிவில் நகரில் 2007-ல் அயர்ன்மேன் தொடங்கியபோது, படகுத் துறையிலிருந்து ஒவ்வொருவராக ஓஹையோ ஆற்றில் குதித்தார்கள்.

இப்படிச் செய்ய முடிந்ததற்கு முக்கியக் காரணம் 1990-களில் பரவிய கணுக்கால் சிப். வீரர் தரையில் விரித்த பாயைத் தாண்டும் கணத்தில் அவருடைய கடிகாரம் ஓடத் தொடங்கும். எனவே பின்னால் கிளம்பியவருக்கு நேர நஷ்டம் கிடையாது. திருப்பதியில் நேரம் குறித்த டோக்கன் கொடுப்பது போலத்தான்!

சாவு எழுப்பிய கேள்வி

விவாதம் சூடானது மரணங்களால்தான். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2010-ல் வந்த ஆய்வு ஒன்று, 2006 முதல் 2008 வரை நடந்த போட்டிகளில் 14 பேர் இறந்ததாகவும், அவர்களில் 13 பேர் நீச்சலின்போது இறந்ததாகவும் சொன்னது. அமெரிக்க டிரையத்லான் சங்கம் 2012-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2003 முதல் 2011 வரை 43 வீரர்கள் இறந்தனர். ஐந்து பேர் சைக்கிள் விபத்தில் இறந்தவர்கள். மீதி 38 பேரில் 30 பேர் இறந்தது நீச்சலில்.

அப்படியானால் கூட்டத் தொடக்கம்தான் எமனா? இங்கேதான் அவசரப்படக் கூடாது. 2012-ல் நியூயார்க்கில் நடந்த அயர்ன்மேன் போட்டியில் வீரர்கள் ஒரே கூட்டமாக இல்லாமல், வரிசையாகத்தான் ஹட்சன் ஆற்றில் குதித்தார்கள். அதிலும் நீச்சலில் ஒருவர் இறந்தார். 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வு, 1985 முதல் 2016 வரை நடந்த 135 திடீர் மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் பார்த்தது. பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது 47-ஐ ஒட்டி இருந்தது. 85 சதவீதம் பேர் ஆண்கள். பலரிடம் ஏற்கெனவே இதய நோய் இருந்தது உடற்கூறு ஆய்வில் தெரிந்தது. அதாவது, நெரிசலைக் குறைத்தால் மட்டும் போதாது, போட்டிக்கு முன் இதயத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

ஆனாலும் நெரிசல் பயத்தைக் கூட்டும், பயம் மூச்சையும் இதயத் துடிப்பையும் கெடுக்கும். கூட்டம் கலைந்திருந்தால் தத்தளிப்பவரைக் காவலர்கள் கண்டுபிடிப்பதும் எளிது. 2013-ல் அயர்ன்மேன் நிறுவனம் வட அமெரிக்காவில் புதிய நீச்சல் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தது. அந்த ஜூனில் ஐடாஹோவின் கோர் டலேன் ஏரியில் "உருளும் தொடக்கம்" அறிமுகமானது. வீரர்கள் தங்கள் வேகத்தைத் தாங்களே கணித்து வரிசையில் நிற்பார்கள், வேகமானவர்கள் முன்னால். பிறகு சிலர் சிலராகத் தண்ணீருக்குள் விடுவார்கள்.

யார் முதலில் வந்தது?

பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. கூட்டத் தொடக்கத்தில் எல்லைக் கோட்டை முதலில் தொட்டவர்தான் வென்றவர். உருளும் தொடக்கத்தில் அப்படி இல்லை. உயிரைக் கொடுத்து ஓடி ஒருவரை முந்தியவர், பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிய, கண்ணால் பார்க்கவே பார்க்காத இன்னொருவரிடம் சில விநாடிகளில் தோற்றிருக்கலாம். உலகப் போட்டிக்கான தகுதி இடமும் அதோடு போய்விடும். எதிராளி யார் என்றே தெரியாமல் ஓடுவது போட்டியா, தேர்வு எழுதுவதா என்று பழைய வீரர்கள் கேட்டது நியாயமான கேள்விதான்.

கோனா இதற்கு ஒரு நடுவழி கண்டது. 2014-ல் வயதுப் பிரிவு ஆண்களையும் பெண்களையும் பிரித்து அனுப்பினார்கள். 2019-ல் வயதுவாரியாக அலை அலையாக அனுப்பத் தொடங்கினார்கள். ஒரே பிரிவினர் ஒன்றாகக் கிளம்புவதால் யார் முந்துகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். ஆனால் இதிலும் ஒரு சிக்கல்: பின் அலையில் வரும் வேகமானவர்கள் முன் அலையின் மெதுவானவர்கள் மேல் ஏறி நீந்த வேண்டிவரும்.

நம் பக்கம்

நம்முடைய நெடுந்தூர நீச்சல் நினைவுகள் பெரும்பாலும் தனி ஆளுடையவை. 1954-ல் பாக் நீரிணையைக் கடந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமியும், 1994-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த குற்றாலீஸ்வரனும் யாருடைய முழங்கைக்கும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. ஆனால் 2019 அக்டோபர் 20 அன்று கோவாவின் மிராமர் கடற்கரையில் பாதித் தூர அயர்ன்மேன் இந்தியாவுக்கு வந்தபிறகு நிலைமை மாறிவிட்டது. குளத்திலும் நீச்சல் குளத்திலும் பழகியவர்கள், கடலில் நூற்றுக்கணக்கானவர்களோடு முதன்முறையாக இறங்குகிறார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு உருளும் தொடக்கமே ஏற்றது. அவர்கள் போட்டியிடுவது கடிகாரத்தோடுதான், பக்கத்து ஆளோடு இல்லை. பதக்கத்துக்கும் தகுதிக்கும் போராடுபவர்களைச் சிறு குழுக்களாக ஒன்றாகவே அனுப்பலாம். இரண்டையும் ஒரே போட்டியில் செய்ய எந்தத் தடையும் இல்லை. பீரங்கிச் சத்தத்தின் கம்பீரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அது ஒரு பெரிய நஷ்டமில்லை.