பெரியோர் ஆதரவும் மக்கள் தீர்ப்பும்

தேர்தல் தமிழர்க்குப் புதிதன்று என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுவதுண்டு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் அதற்குச் சான்று. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முன்னர்ப் பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் விலக்கப்பட்டனர். அம்முறையில் எவருடைய சிபாரிசுக்கும் இடமில்லை.

இக்காலத் தேர்தல் அங்ஙனமன்று. அபேட்சகர் ஒருவர் நிற்கிறார்; அவருக்கு வாக்களிக்குமாறு வேறொருவர் நம்மிடம் கூறுகிறார். கூறுபவர் தலைவராயிருக்கலாம், மடாதிபதியாயிருக்கலாம், நடிகராயிருக்கலாம். இத்தகைய பகிரங்க ஆதரவைத் தமிழ் மக்கள் சென்ற எழுபது ஆண்டுகளாக எங்ஙனம் எடைபோட்டு வந்துள்ளனர் என்பதை ஆராய்வது பயனுடைத்து. நம் போன்ற சங்கங்களின் வாயிலுக்கும் தேர்தற் காலத்தில் ஆதரவு கோரி வருவோர் உண்டாதலின், இவ்வாராய்ச்சி வெறும் பழங்கதை ஆகாது.

சுதந்திர பாரதத்தின் முதற் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. வாக்காளர் 17 கோடிக்கு மேற்பட்டவர். 1951 ஜனக் கணக்கின்படி நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேரே. ஒவ்வோர் அபேட்சகருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்தனர். விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட வேண்டியதுதான். பத்திரிகை படிக்க இயலாத மக்களுக்கு, தாம் மதிக்கும் ஒருவர் மேடையில் நின்று கூறும் சொல்லே வழிகாட்டியாக இருந்தது. ஆதரவு மொழிக்கு அன்று இருந்த மதிப்பின் காரணம் இதுவே.

அத்தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் போட்டியிடவில்லை. 1949-இல் தோன்றிய அவ்வியக்கம் வேறொரு வழியை மேற்கொண்டது. திராவிட நாட்டுக் கோரிக்கைக்காகச் சட்டசபையில் குரல் கொடுப்பதாக எழுத்து மூலம் உறுதி தருவோரை ஆதரிப்பதாக அறிவித்தது. வடஆர்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் செல்வாக்குடைய மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியும், தென்னார்க்காட்டில் வலுப்பெற்ற ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியும் அவ்வாதரவைப் பெற்றன. சட்டசபையில் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடமும், காமன்வீல் கட்சிக்கு 6 இடமும் கிட்டின.

பின்னர் நிகழ்ந்தது யாது? 375 இடங்களில் 152 மட்டுமே பெற்ற காங்கிரஸுக்குத் துணை தேவைப்பட்டது. 1952 ஏப்ரலில் ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது மாணிக்கவேலு நாயக்கர் அதில் மந்திரியானார். 1954-இல் காமராஜர் முதன்மந்திரியானபோது படையாட்சியாரும் மந்திரியானார். இரு கட்சிகளும் காங்கிரஸில் கரைந்தன. எந்தக் கட்சியை எதிர்த்து வாக்குக் கேட்டனரோ, அந்தக் கட்சிக்கே அவ்வாக்குகள் பயன்பட்டன. எழுதி வாங்கிய உறுதிமொழி காகிதமாகவே நின்றது. பிறர்க்கு வாக்குக் கேட்பதினும் தாமே நிற்பது மேல் என்ற எண்ணம் கழகத்தில் வலுத்தது. 1956-இல் திருச்சி மாநாட்டில் முடிவு செய்து, 1957-இல் களம் இறங்கினர்.

இதற்கு மாறான காட்சியும் அக்காலத்திலேயே உண்டு. முதன்மந்திரியான காமராஜர் சட்டசபையில் இடம்பெற வேண்டி 1954-இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றார். முன்தேர்தலில் காங்கிரஸை எதிர்த்து முழங்கிய பெரியார் ஈ. வெ. ரா. அவரை ஆதரித்தார். பெரியாரை விட்டுப் பிரிந்து சென்ற அண்ணாவும் ஆதரித்தார். ராஜாஜியின் கல்வித் திட்டம் கைவிடப்பட்டதே இதற்கு முக்கிய காரணம். காமராஜர் வென்றார். கட்சியைப் பாராது, ஒருவருடைய செயலைக் கண்டு தந்த ஆதரவு அது. ஆதலின் அது பொருந்திற்று.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலோ பெரியோர் ஆதரவுக்கு வந்த பெருஞ்சோதனை எனலாம். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, தி. மு. கழகத்துக்கு வாக்களிக்கும்படி வேண்டினார். அவர் கொணர்ந்த ஹிந்திக் கட்டாயத்தையும் கல்வித் திட்டத்தையும் எதிர்த்து வளர்ந்தவர்களே கழகத்தார்! மறுபுறம், அக்கழகத்தாரின் பழைய ஆசானாகிய பெரியார் காங்கிரஸுக்கு வாக்குக் கேட்டார். இரு முதியோரும் இடம் மாறி நின்றனர். அவ்வாண்டு ஜனவரி 12-இல் குண்டடிபட்ட எம். ஜி. ஆர். மருத்துவமனையில் இருந்தார், கழுத்தில் கட்டுடன் அவர் படம் ஊரெங்கும் ஒட்டப்பட்டது. அவர் மேடை ஏறாமலே பரங்கிமலையில் வென்றார்.

பார்லிமெண்டுக்கு நின்ற 25 இடங்களிலும் கழகம் வெற்றி பெற்றது. காங்கிரஸுக்குக் கிடைத்தவை 39-இல் 3. காமராஜரே விருதுநகரில் 1,285 வாக்கில் தோற்றார். இது ராஜாஜியின் வெற்றியா, எம். ஜி. ஆர். படத்தின் வெற்றியா? இரண்டும் துணை செய்திருக்கலாம். ஆயினும் அரிசித் தட்டுப்பாட்டையும், விலைவாசியையும், 1965 மொழிப் போராட்டத்தையும் மக்கள் மறக்கவில்லை. வீட்டில் அடுப்பு எரியாதபோது மேடைப் பேச்சு செவியில் ஏறுமோ? பெரியார் கூறியும் காங்கிரஸ் பிழைக்கவில்லை. ஆனால் பெரியாரின் மதிப்பும் குன்றவில்லை. வென்ற அண்ணா, தமக்கு எதிராக வாக்குக் கேட்ட பெரியாரைத் திருச்சிக்கே சென்று கண்டார். இருவருக்கும் அது பெருமை.

நான்கே ஆண்டுகளில் காட்சி மீண்டும் மாறியது. 1971-இல் ராஜாஜி கழகத்தை எதிர்த்து, நெடுங்காலம் தம் போட்டியாளராயிருந்த காமராஜருடன் சேர்ந்தார். பெரியார் கழகத்தை ஆதரித்தார். ராஜாஜியின் வேண்டுகோள் இம்முறை பலிக்கவில்லை. காமராஜரின் கட்சிக்குத் தமிழ்நாட்டில் ஒரே பார்லிமெண்டு இடந்தான் கிட்டியது. அதுவும் நாகர்கோவிலில் காமராஜருக்கே. பிற்காலத்திலும் இதே பாடம் உண்டு. 1996-இல் நடிகர் ரஜினிகாந்த் ஆதரித்த அணி பெருவெற்றி அடைந்தது. 2004-இல் அவர் தம் வாக்கு எதற்கெனக் கூறிய அணி தமிழ்நாட்டின் 39 இடங்களிலும் தோற்றது. முகம் ஒன்றே, மக்கள் மனநிலை வேறு.

நாம் வாழும் கேரளத்தைப் பார்ப்போம். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தது. அது சட்டசபைத் தேர்தலே. எனினும் தமிழர்க்கு நெருங்கிய செய்தி. தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் வாக்கே அங்கு முடிவு செய்வது. கம்யூனிஸ்டு அபேட்சகர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் வரதராஜன் மலையெங்கும் தமிழில் பாடினார். இளையராஜா என்று பின்னர் உலகம் அறிந்த அவருடைய இளைய தம்பியும் உடன் சென்றார். ரோசம்மா வென்றார். தாய்மொழியில் வரும் ஆதரவு மொழிக்கு அயலிடத்தில் வாழ்வோரிடம் தனி ஈர்ப்பு உண்டு. அது நம் பலம். எச்சரிக்கையாயிராவிடின் அதுவே நம் பலவீனம். கேரளத்துச் சமுதாய அமைப்புகளும் சபைகளும் தேர்தல்தோறும் ஆதரவு கூறுவதும், சில வேளை 'சமதூரம்' என்று ஒதுங்குவதும் நாம் நாளிதழில் காண்பவையே.

இவ்வரலாற்றால் தெளிவது ஒன்று. ஆதரவு என்பது ஒருவர் தம் நற்பெயரைப் பிறர்க்குக் கடனாகத் தருவது. கடன் வாங்கியவர் திருப்பித் தராவிடின், இழப்பு தந்தவருக்கே. 1952-இல் அதுவே நேர்ந்தது. இதனை உணர்ந்தே அரசாங்கமும் எம் போன்ற இரயில்வே ஊழியர்க்கு விதி வகுத்துள்ளது: வாக்களிக்கலாம், எவருக்கு அளிப்போம், எவருக்கு அளித்தோம் என்று குறிப்பாலும் காட்டலாகாது.

சங்கத்துக்கு அத்தகைய விதி இல்லை. ஆயினும் எண்ணிப் பார்ப்போம். மட்டாஞ்சேரியில் கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள் எனப் பல மொழியினரோடு கலந்து வாழ்கிறோம். நம் சங்கத்துக் குடும்பங்களுக்குள்ளும் அரசியற் கொள்கை பல. ஒரே வீட்டில் தந்தை ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் நாம் ஒன்றுகூடுவது தமிழால், கட்சியால் அன்று. எர்ணாகுளம் தொகுதியில் நிற்கும் ஒருவருக்குச் சங்கத்தின் பெயரால் ஆதரவு கூறினால், மறுநாளே பாதி அங்கத்தினர் அந்நியராவர். ஆகவே தனி மனிதர் தம் பெயரால், தக்க காரணம் கூறி ஆதரிக்கட்டும். பின்னர் அதற்குப் பொறுப்பும் ஏற்கட்டும். சங்கமோ, வரும் அபேட்சகர் யாவரையும் ஒன்றுபோல் வரவேற்று, குடிநீர், சாக்கடை, பிள்ளைகளின் தமிழ்க் கல்வி ஆகியவை பற்றி ஒரே கேள்விகளைக் கேட்கட்டும்.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். தெரிந்துகொள்ளப் பெரியோர் துணை செய்வர். தெளிய வேண்டியவர் நாமே.