ரோமர் 13: ஏழு வசனங்களின் அரசியல் வரலாறு

வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டில், ரோமருக்கு எழுதின நிருபத்தின் 13ஆம் அதிகாரத்திலுள்ள முதல் ஏழு வசனங்களே ‘ரோமர் 13’ என்று சுருக்கமாகக் குறிக்கப்படுகின்றன. ஆளும் அதிகாரத்துக்கு அடங்கி நட. அந்த அதிகாரம் கடவுளிடமிருந்து வந்தது. ஆள்பவர் உன் நன்மைக்காகக் கடவுளுக்கு ஊழியம் செய்பவர். தீமை செய்பவரைத் தண்டிக்கவே அவர் கையில் வாள் இருக்கிறது. ஆகவே வரியைக் கட்டு. சாரம் இவ்வளவுதான். இந்த ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மன்னர்களும் வாதாடியிருக்கிறார்கள், மன்னர்களைக் கவிழ்த்தவர்களும் வாதாடியிருக்கிறார்கள். தகராறு பெரும்பாலும் எந்த வசனத்தோடு நிறுத்துவது என்பதில்தான். முதல் இரண்டோடு நிறுத்தினால் அரசனுக்கு வசதி. மூன்றுக்கும் நான்குக்கும் வந்துவிட்டால், நன்மை செய்யாத அரசனை என்ன செய்வது என்ற கேள்வி தானாக எழுந்துவிடும்.

அப்போஸ்தலர் பவுல் இந்த நிருபத்தைக் கொரிந்து நகரிலிருந்து கி.பி. 57 வாக்கில் எழுதினார் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நீரோ ரோமப் பேரரசனாகப் பட்டத்துக்கு வந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. தத்துவஞானி செனக்கா போன்றவர்களின் ஆலோசனையில் ஆட்சி ஓரளவு ஒழுங்காக நடந்த காலம் அது. முந்தைய பேரரசர் கிளாடியஸ் ரோமிலிருந்து துரத்திய யூதர்கள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வரி வசூலிப்போரின் அட்டகாசம் தாங்காமல் மக்கள் முறையிட்டதை 58ஆம் ஆண்டு நிகழ்வுகளில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சூழலில், வம்பை விலைக்கு வாங்காதீர்கள் என்று ஒரு சிறிய சபைக்குச் சொன்ன புத்தி இது என்பார் பலர். 64இல் ரோம் தீப்பிடித்து எரிந்தபோது நீரோ கிறிஸ்தவர்கள்மேல் பழியைப் போட்டுக் கொன்று குவித்தான். பவுலின் தலையும் அவன் ஆட்சியில்தான் வெட்டப்பட்டது என்பது திருச்சபை மரபு.

அதே புதிய ஏற்பாட்டில் வேறு குரல்களும் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுருவும் மற்றவர்களும் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, மனிதரைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிவோம் என்கிறார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் 13ஆம் அதிகாரத்திலோ பேரரசு ஒரு கொடிய மிருகமாகவே கடலிலிருந்து எழுந்து வருகிறது.

தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னா நகரின் பேராயர் பாலிகார்ப், அதிகாரிகளுக்கு மரியாதை செலுத்தும்படி எங்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது என்று ரோமானிய ஆளுநரிடம் பணிவாகச் சொன்னார். ஆனால் சீசர்மீது சத்தியம் செய்ய மறுத்து உயிரை விட்டார். நான்காம் நூற்றாண்டில் ஜான் கிறிசோஸ்தம் இன்னும் நுட்பமாக ஒரு கோடு கிழித்தார்: ஆட்சி என்ற ஏற்பாடுதான் கடவுளிடமிருந்து வருகிறது, ஒவ்வொரு ஆட்சியாளனும் கடவுளால் பொறுக்கி எடுக்கப்பட்டவன் என்று பவுல் சொல்லவில்லை. பின்னால் வந்த வாதங்களில் பாதி இந்தக் கோட்டின் இருபுறமும் நின்று நடந்தவை.

ஜெர்மனியில் அந்த வாதம் ரத்தக்களரியில் போய் முடிந்தது. 1523இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், அரசின் அதிகாரம் உடலுக்கும் உடைமைக்கும்தான், மனச்சாட்சியை அது தொடக்கூடாது என்று எழுதினார். தாம் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டைச் சில பிரபுக்கள் பறிமுதல் செய்யச் சொன்னதன் பின்னணி அதற்கு உண்டு. 1525இல் குடியானவர்கள் எழுந்தபோது அதே லூத்தர் ரோமர் 13ஐ எடுத்துக்காட்டி, கலகக்காரர்களை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களைத் தூண்டினார். எதிர்ப்பக்கத்தில் போதகர் தாமஸ் முன்ட்சர். ஓராண்டுக்கு முன் ஆல்ஸ்டெட் கோட்டையில் பிரபுக்களையே உட்காரவைத்து அவர் பிரசங்கம் செய்திருந்தார். நான்காம் வசனத்து வாளைப் பொல்லாதவர்கள்மீது நீங்கள் வீசாவிட்டால் அது உங்கள் கையிலிருந்து பிடுங்கப்படும் என்பது அவர் எச்சரிக்கை. பிராங்கன்ஹவுசன் போர்க்களத்தில் குடியானவர் படை நசுக்கப்பட்டது. முன்ட்சரின் தலை வெட்டப்பட்டது.

கால் நூற்றாண்டுக்குள் அடங்குவதா எதிர்ப்பதா என்ற நெருக்கடி லூத்தரின் சீடர்களுக்கே வந்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் கட்டளைக்கு அடங்காத மாக்டபர்க் நகரப் போதகர்கள் 1550இல் ஓர் அறிக்கை விட்டார்கள். நல்லவர்களைக் காப்பது ஆள்பவரின் வேலை என்று பவுல் சொல்கிறார். அதைத் தலைகீழாகச் செய்பவர் அந்த வரையறைக்குள்ளேயே வரமாட்டார். அப்போது அவருக்குக் கீழுள்ள அதிகாரிகள் எதிர்த்து நிற்கலாம், நிற்கவும் வேண்டும். பிரான்சிலும் ஸ்காட்லாந்திலும் கால்வினைப் பின்பற்றியவர்கள் இந்த வாதத்தை வளர்த்தெடுத்தார்கள்.

அமெரிக்காவில் இதே வாதத்தை ஒரு பிரசங்கத்தின் வழியாகப் பார்க்கலாம். 1649 ஜனவரி 30 அன்று தலை வெட்டப்பட்ட மன்னர் முதலாம் சார்லஸைத் தியாகியாகப் போற்றுவது ஆங்கிலிக்கன் சபையின் வழக்கம். 1750இல் அந்த நினைவுநாளை அடுத்த ஞாயிறன்று, பாஸ்டன் நகரில் ஜோனத்தன் மேயூ என்ற 29 வயதுப் போதகர் ரோமர் 13ஐயே தமது பாடமாக எடுத்துக்கொண்டார். கீழ்ப்படிதலுக்குப் பவுல் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள் என்றார். ஆள்பவர் நன்மை செய்கிறார் என்பதுதான் காரணம். காரணம் போனால் கடமையும் போயிற்று. கொடுங்கோலனைக் கொள்ளைக்காரனோடும் சாத்தானின் தூதனோடும் சேர்த்து வைத்தார். அச்சில் வந்த அந்தப் பிரசங்கத்தை எல்லோரும் படித்தார்கள் என்று, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் முதுமையில் நினைவுகூர்ந்தார். புரட்சி நெருங்கியபோது மன்னருக்கு விசுவாசமான போதகர்களும் சும்மா இருக்கவில்லை. மேரிலாந்தில் ஜோனத்தன் பவுச்சர், குண்டு நிரப்பிய இரண்டு கைத்துப்பாக்கிகளை அருகில் வைத்துக்கொண்டுதான் பிரசங்கம் செய்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1775இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார்.

1850இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் வந்தபோது, மேயூவின் வாதத்தால் வளர்ந்த அதே நாட்டின் பிரசங்க பீடங்களில் சட்டத்துக்கு அடங்குங்கள் என்ற உபதேசம் மறுபடி கேட்டது.

இருபதாம் நூற்றாண்டின் மோசமான பயன்பாடு மறுபடியும் ஜெர்மனியில்தான். இறையியலாளர் கார்ல் பார்த்தின் முதன்மைப் பங்களிப்போடு 1934 மே மாதம் வெளிவந்த பார்மன் அறிக்கை, ஹிட்லரின் ஆட்சியை ஏற்க மறுத்தது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. உண்மையில் அது நேரடியாக எதிர்த்தது, சபைக்குள் அரசு கைவைப்பதைத்தான். அதற்கே அடுத்த மாதம் மறுப்பு வந்தது: ஆன்ஸ்பாக் நகரில் கூடிய லூத்தரன் இறையியலாளர்கள் சிலர், ஹிட்லரைத் தலைவராகத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். ஹிட்லரின் படை பிடித்திருந்த நார்வேயின் லூத்தரன் சபை வேறு வழியில் போனது. வண்டியோட்டிக்குப் பைத்தியம் பிடித்தால் கடிவாளத்தைப் பறிப்பதே கடமை என்று, லூத்தரின் எழுத்துகளைக் கொண்டே பேராயர் பெர்க்ராவ் பேசினார். 1942 பிப்ரவரியில் பேராயர்கள் அரசுப் பதவிகளைத் துறந்தார்கள். அந்த ஈஸ்டர் ஞாயிறன்று எதிர்ப்பு அறிக்கை நாடெங்கும் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. பெரும்பாலான குருமார்களும் பதவி விலகினார்கள். பெர்க்ராவ் போர் முடியும் தறுவாய்வரை காவலில் இருந்தார்.

1985 ஈஸ்டரில் தென்னாப்பிரிக்க அதிபர் பி.டபிள்யூ. போத்தா, மோரியா என்ற இடத்தில் சீயோன் கிறிஸ்தவ சபையின் மாபெரும் கூட்டத்தில் பேசினார். கேட்டவர்கள் ஏறக்குறைய எல்லோருமே வாக்குரிமை இல்லாத கறுப்பினத்தவர்கள். அவர்களுக்கு அவர் எடுத்துக்காட்டிய பகுதி ரோமர் 13. ஜூலையில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் 150க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட கைரோஸ் ஆவணம் வெளியானது. இப்படி வேதத்தைப் பயன்படுத்துவதற்கு ‘அரசு இறையியல்’ என்று அது பெயர் வைத்தது. எந்த அரசுக்கும் கட்டுப்படத் தேவையில்லை என்று நினைத்த சில கிறிஸ்தவர்களுக்குப் பவுல் பதில் சொல்கிறார். அநியாய அரசை என்ன செய்வது என்பது அங்கே பேச்சே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் போங்கள் என்பது அதன் வாதம். அரசு சொல்லும் கடவுளை விக்கிரகம் என்றும் அது எழுதியது. இரண்டாம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கும் விளக்கங்களில், வரலாற்றுச் சூழலை இவ்வளவு பொறுப்போடு கணக்கில் எடுத்த அரசியல் ஆவணம் அரிது.

2018 ஜூன் 14 அன்று அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேய்ன் நகரில் இதே அதிகாரத்தைக் காட்டினார். எல்லையில் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த வாரங்கள் அவை. செஷன்ஸ் ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் உறுப்பினர். அவர் சபையைச் சேர்ந்த 600க்கு மேற்பட்டவர்கள் அவர்மீது சபைச் சட்டப்படி புகார் கொடுத்தார்கள். சிறுவர்களைக் கொடுமைப்படுத்தியதும் சபை உபதேசத்துக்கு முரணான போதனையைப் பரப்பியதும் குற்றச்சாட்டுகளில் அடக்கம். பிறகு சபை அதிகாரி புகாரைத் தள்ளுபடி செய்தார். அரசின் கொள்கையை நிறைவேற்றும் அதிகாரியின் அரசியல் செயல் அவருடைய தனிப்பட்ட நடத்தையாகாது என்பது அவர் சொன்ன காரணம்.