போன்ல முடிஞ்ச ஒரு உத்தரவு

1972 ஜூன் 12. டெட்ராய்ட்லேர்ந்து கிளம்பின அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டிசி-10, கனடாவின் வின்ட்சர் ஊருக்கு மேல பறக்கும்போது சரக்குக் கதவு பிய்ச்சுக்கிட்டுப் போயிடுச்சு. கீழே காற்றழுத்தம் சட்டென்று இறங்கியதில் பயணிகள் தளம் சரிந்து, அடியில் ஓடும் கட்டுப்பாட்டுக் கேபிள்களை நசுக்கியது. கேப்டன் மெக்கார்மிக் எப்படியோ இறக்கிட்டார். 67 பேரும் பிழைத்தார்கள்.

இங்கதான் கதை மாறுது. இந்த மாதிரிக் குறைக்கு அமெரிக்க அரசின் எஃப்ஏஏ கட்டாய உத்தரவு போடலாம். சரிசெய்யாமல் பறக்க முடியாது. ஆனா எஃப்ஏஏ தலைவரும் மெக்டொனல் டக்ளஸ் கம்பெனியும் போன்லயே பேசி முடிச்சுக்கிட்டாங்க. உத்தரவு வேண்டாம், கம்பெனியே சர்வீஸ் புல்லட்டின் அனுப்பட்டும். அதாவது, வெறும் பரிந்துரை.

அதே மாதம், கதவைத் தயாரித்த கான்வேரின் இன்ஜினியர் டான் ஆப்பிள்கேட், இது மறுபடி நடக்கும், விமானமே விழும்னு மேலதிகாரிகளுக்கு எழுதினார். செலவு யார் தலையில் விழும்ங்கற கணக்கில் கடிதம் அங்கேயே நின்றது.

1974 மார்ச் 3, பாரிஸ். துருக்கி ஏர்லைன்ஸ் டிசி-10. கதவு வேலை முடிஞ்சதா ரெக்கார்டில் முத்திரை இருந்தது. தகடு பொருத்தப்படவே இல்லை. கதவில் இருந்த எச்சரிக்கை இங்கிலீஷிலும் துருக்கியிலும். மூடிய தொழிலாளிக்கு ரெண்டுமே படிக்கத் தெரியாது. அவரைக் குறை சொல்றவங்களோட எனக்கு உடன்பாடில்லை.

346 பேரும் இறந்தார்கள். கட்டாய உத்தரவு அதுக்கப்புறம் வந்தது.