ஒரே வேலைக்கு இரண்டு கணக்கு

நான் சூரிச்சில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை செய்கிறேன். வேலைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு மெசினில் பதிய வேணும். போன வருசம் அந்த மெசினை மாற்றினார்கள். பழையதில் கிடந்த எங்கட மணித்தியாலங்களைப் புதியதுக்கு ஏற்றினார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் எனக்கு 12 மணித்தியாலம் குறையுது.

வெள்ளி, சனி இரவுகளில் நான் இறங்க ஒன்றரை மணியாகும். அந்த மாதம் அப்படி எட்டு இரவு. இரவு 12க்குப் பிறகு செய்த ஒன்றரை மணித்தியாலத்தை எட்டு இரவும் புது மெசின் விழுங்கிவிட்டது. அடுத்த நாளில் "இறங்கினார்" என்று இருக்கு, "ஏறினார்" என்று இல்லை. அதனால் பிழையான பதிவு என்று தள்ளிப்போட்டது.

எங்கட கடைக்குச் செவ்வாய்க்கிழமைகளில் சூப் குடிக்க வரும் ஒரு வயசான சுவிஸ்காரர் இருக்கிறார். மெயின்பிரேம் கணினிகளில் காலம் முழுக்க வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இதைச் சொன்னேன். சிரித்துப்போட்டு, "இது உங்கட முதலாளி கண்டுபிடிச்ச பிழை இல்லை, எங்களுக்கு 60களிலேயே வந்தது" என்றார். கணினி படிக்கப் போய் இரண்டாம் வருசத்தோடு பல்கலைக்கழகத்தை விட்டவன் நான். அந்த ஆசை இன்னும் போகவில்லை. அவர் சொன்னதும் பிறகு நான் தேடி வாசித்ததும்தான் இந்தப் பதிவு.

ஐ.பி.எம். தன் சிஸ்டம்/360 கணினிகளை அறிவித்தது 1964 ஏப்ரல் 7இல். அப்போது பெரும்பாலும் இவற்றை மாத வாடகைக்கே எடுத்தார்கள். ஒரு மெசினைப் பத்துப் பகுதிகள் பாவிக்கும். யார் எவ்வளவு பாவித்தார், யாரிடம் எவ்வளவு அறவிடுவது? இதற்காக 60களின் கடைசியில் ஓஎஸ்/360க்குள் எஸ்.எம்.எப். என்ற கணக்கெழுத்தர் வந்தார். எந்த வேலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, புரொசசரை எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எழுதுவார். நேரத்தை நள்ளிரவிலிருந்து எண்ணுவார், ஒரு செக்கனில் நூறில் ஒரு பங்காக.

நள்ளிரவிலிருந்து எண்ணினால் என்ர பிரச்சினை அங்கேயும் வருமே? அதற்குத்தான் ஒரு வழி செய்திருந்தார்கள். ஒரு வேலையின் பதிவுகள் எல்லாவற்றிலும் அதன் பெயரோடு, அது மெசினுக்குள் வந்த நாளும் நேரமும் சேர்ந்தே போகும். இரவு 11க்கு வந்து விடிய 2க்கு முடிந்தாலும் இரண்டு முனையும் ஒரே பதிவில் இருக்கும். எங்கட மெசினை எழுதினவர்கள் இதைச் செய்திருந்தால் காணும்.

இனி மற்றக் கதை. அதே ஐ.பி.எம்.இன் கேம்பிரிட்ஜ் ஆய்வு நிலையத்தில், அமெரிக்காவின் மசச்சூசெட்சில், சிபி-67 என்ற வேறொரு இயங்குதளம் வளர்ந்தது. அதன் வழியில் 1972 ஓகஸ்டில் விஎம்/370 வந்தது. ஒரு மெசினைப் பல மெசின்களாகக் காட்டுவது அதன் வித்தை. இதற்கும் கணக்கு வேணும். ஆனால் அவர்கள் எஸ்.எம்.எப்.ஐ எடுக்கவில்லை. பயனர் வெளியேறும்போது ஒரு துளை அட்டையில் கணக்கை அடித்தார்கள். உண்மையான கடதாசி அட்டை, 80 நிரல். முதல் எட்டில் பயனர் பெயர், அடுத்த எட்டில் கணக்கு எண், பிறகு திகதியும் நேரமும், பிறகு இணைந்திருந்த செக்கன்கள், பிறகு புரொசசர் நேரம். அட்டைகள் போனபிறகும் அந்தக் கணக்குப் பதிவு 80 பைட்டாகவே நின்றது.

ஒரே கொம்பனி, ஒரே இரும்பு. ஆனால் ஒருவர் புரொசசர் நேரத்தை நூறில் ஒரு பங்காக எழுத, மற்றவர் ஆயிரத்தில் ஒரு பங்காக எழுதுகிறார். 1985 மார்ச் 1 என்பதை விஎம் 030185 என்று எழுதும். எஸ்.எம்.எப்.க்கு அது 85ஆம் வருசத்தின் 060ஆம் நாள். இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்தால்தான் பகுதிகளுக்குப் பில் போடலாம்.

எப்படிக் கொண்டுபோவது? முதலில் ரேப்பில், கையில் தூக்கிக்கொண்டு. பிறகு வலையமைப்பு வழியாக நெட்டேட்டா என்ற பொதியில். இது கெட்டித்தனமான ஏற்பாடு. பைலை 80 பைட் துண்டுகளாக வெட்டும், அதே அட்டை அளவு. ஆனால் முன்னால் சில கட்டுப்பாட்டுப் பதிவுகளை வைக்கும்: இதன் பெயர் என்ன, பதிவுகள் எந்த வகை, எவ்வளவு நீளம். மறுபக்கம் அதைப் பார்த்துப் பழைய உருவத்துக்கே திருப்பிக் கட்டும்.

இடையில் பிசியும் யுனிக்சும் புகுந்தபோதுதான் கணக்கு நாறியது. மெயின்பிரேமின் எழுத்துமுறை எப்சிடிக். மற்றவை ஆஸ்கி. எழுத்தாக நினைத்து அனுப்பினால் வழியில் மொழிமாற்றம் நடக்கும். ஆங்கில "ஏ" எப்சிடிக்கில் 193, ஆஸ்கியில் 65. பெயர்கள் வடிவாய் வந்து சேரும். ஆனால் ஒருவர் 193 மில்லிசெக்கன் பாவித்திருந்தால், அந்த எண்ணையும் "ஏ" என்று நினைத்து 65 ஆக்கிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பெயர் சரி, திகதி சரி, கணக்குப் பொய். எஸ்.எம்.எப். பதிவுகளுக்கு இன்னொரு ஆபத்தும் இருந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு நீளம். நீளத்தைச் சொல்லும் 4 பைட் முன்னால் இருக்கும். அனுப்பும்போது அது கழன்றுவிட்டால் எது எங்கே முடிகிறதென்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பல இடங்களில் விஎம்முக்குள்ளேயே எம்விஎஸ் என்ற மற்ற இயங்குதளத்தை ஓடவிட்டார்கள். விஎம் அதைக் கொஞ்ச நேரம் ஓட விடும், பிறகு ஒதுக்கிவைத்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கும். ஒதுக்கி வைத்தது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. மணிக்கூட்டைப் பார்த்து, தான் சும்மா இருந்த நேரத்தைக் கழித்து, மிச்சம் முழுக்க வேலை செய்தேன் என்று அதன் கண்காணிப்புப் பதிவு சொல்லும். விஎம்மின் கணக்கோ, "நான் உனக்குத் தந்ததே பாதிதான்" என்று சொல்லும். இரண்டும் தான் கண்டதை எழுதினது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை தெரியும். அதற்குத்தான் அவ்வளவு பாடுபட்டுப் பதிவுகளை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பக்கக் கணக்கை மட்டும் நம்பினால் யாரோ ஒருவர் செய்யாததுக்குக் காசு கட்டுவார்.

கிழவர் கடைசியில் என்னிடம் ஒன்று கேட்டார். "மூலம் வைச்சிருக்கிறீரோ?" பதிவுகளை மாற்றிய பிறகும் பழைய ரேப்பை அவர்கள் அழிப்பதில்லையாம். புதியதில் கூட்டிய தொகையும் பழையதில் கூட்டிய தொகையும் ஒன்றாக வரும்வரை ரேப் அலுமாரியில் இருக்குமாம்.

நல்லகாலம், பழைய மெசின் ஒவ்வொரு நாளும் துப்பிய துண்டுகளை நான் ஒரு பிஸ்கற் பேணியில் போட்டு வைத்திருந்தேன். எட்டு இரவுத் துண்டையும் முதலாளியின் மேசையில் பரப்பி வைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மற்ற மாதச் சம்பளத்தில் 12 மணித்தியாலமும் வந்தது. என்னோடு பாத்திரம் கழுவுகிற தம்பியிடம் துண்டு இல்லை. அவருக்கு வரவில்லை.

குசினியில் நிற்கிற ஆட்களுக்குச் சொல்லுறன்: துண்டை எறியாதேயுங்கோ.